‘ஃபார்மட் பண்ணிடலாம் சார்’

திறக்காத கணினியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனவர்கள் எல்லோரும் இந்த வாக்கியத்தைக் கேட்டிருப்பார்கள். “ஓ.எஸ். போயிடுச்சு சார். ஃபார்மட் பண்ணிடலாம்.” சொல்பவர் பெரும்பாலும் இருபதைத் தாண்டியிராத பையன். முகத்தில் கவலையின் சாயல்கூட இராது. கேட்பவருக்கும், மருத்துவர் சளிக்கு மாத்திரை எழுதிக் கொடுத்ததுபோல், ஓர் ஆறுதல். தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறோம். அந்தத் தலையாட்டலில் போய்ச் சேர்ந்தவை எத்தனை என்று யாரும் கணக்கெடுத்ததில்லை. பாதி எழுதிய நாவல்கள், ஆய்வேடுகள், நின்றுபோன சிற்றிதழ்களின் அச்சுக்கோப்புகள், இறந்துபோனவர்கள் அனுப்பிய கடிதங்கள். இதைப் படிக்கும் நண்பர்களுள் சிலருக்காவது இதில் சொந்த இழப்பு இருக்கும் என்றே நினைக்கிறோம்.

நமக்கு இந்த வாக்கியத்தின்மேல் ஒரு வழக்கு உண்டு. அது தொடங்கியது ஸ்ரீரங்கத்தில்.

நமது மதிப்பிற்குரிய பெரியவர் ஒருவர் உத்தர வீதியில் குடியிருக்கிறார். பள்ளித் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், எழுபதைக் கடந்தவர். பதினோராண்டுகளாக ஒரு சொற்றொகுதி செய்துவருகிறார். கோயிலைச் சுற்றிய தொழில்களில் புழங்கும் சொற்கள், மடைப்பள்ளியிலும் புறப்பாட்டிலும் வழங்குபவை, பூக்கட்டுவோரும் பரிசல்காரர்களும் தமக்குள் பேசிக்கொள்பவை, வீதியின் மூதாட்டிகள் வாயில் மட்டும் மிஞ்சியிருப்பவை என மூவாயிரத்துச் சொச்சம் சொற்கள். அகராதிகளில் ஏறியவற்றை அவர் சேர்ப்பதில்லை. கேட்ட இடம், சொன்னவர் வயது, சொல்லப்பட்ட சூழல் ஆகியவற்றைத் துண்டுத்தாளில் குறித்துவந்து, மகன் விட்டுச்சென்ற பழைய மேசைக் கணினியில் இரண்டு விரல்களால் தட்டச்சு செய்வார். எழுத்துக்கு ஒரு கோப்பு. அகரத்தில் தொடங்கி வகரம் வரையில். தட்டச்சு முடிந்ததும் துண்டுத்தாள்களைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடுவார். கணினியில் ஏறியது சாசனம் என்பது அவரது நம்பிக்கை.

சென்ற ஆண்டு சித்திரையில் ஒருநாள் மாலை, கணினி தன்னைப் புதுப்பித்துக்கொண்டிருந்த நேரத்தில், காற்றடித்து மின்சாரம் போயிற்று. யு.பி.எஸ். மின்கலம் என்றோ உயிரை விட்டிருந்தது. மறுநாள் காலை கணினி திறக்கவில்லை. தானே பழுது நீக்கிக்கொள்ள ஆயத்தமாவதாக ஆங்கிலத்தில் ஒரு வரி வரும். பிறகு இயலவில்லை என்று நீலத்திரையில் அறிவிக்கும். அணைந்து மறுபடி தொடங்கும். பெரியவர் அதை நாலைந்து முறை செய்துபார்த்துவிட்டு, ஆட்டோவில் ஏற்றித் திருச்சியில் ஒரு கடையில் கொண்டுபோய்க் கொடுத்தார். கடைப் பையன் நாம் மேலே சொன்ன வாக்கியத்தைச் சொன்னான். கூடவே நேர்மையாக ஒரு கேள்வியும் கேட்டிருக்கிறான்: “சி டிரைவ்ல முக்கியமா எதுவும் இல்லல்ல சார்? டி டிரைவ்ல இருக்கிறது போகாது.” பெரியவர் யோசித்துப் பார்த்து, “எல்லாம் வெளியிலேயேதான் தம்பி இருக்கு, திறந்த உடனே தெரியும்” என்று பதில் சொல்லியிருக்கிறார். பையன் சரி என்றான்.

அவர் சொன்ன வெளி, கணினியின் முகப்புத்திரை. அந்தத் திரையில் தெரிவதெல்லாம் இயல்பான அமைப்பில் சி டிரைவுக்குள்தான் இருக்கிறது. அழிக்கப்படும் பகுதியின் நட்டநடுவில் தமது பதினோராண்டு இருப்பதை அவர் அறிந்திருக்க வழியில்லை. ஒருவர் வீட்டு வாசலைச் சொல்கிறார், மற்றவர் நிலப்பதிவேட்டைக் கேட்கிறார்; இருவரும் தமிழில்தான் பேசிக்கொண்டார்கள்.

வீட்டுக்குத் திரும்பிய பின் ஏதோ உறுத்தியிருக்கிறது. நம்மைத் தொலைபேசியில் அழைத்தார். “தம்பி, ஃபார்மட்னா என்ன? பண்ணினா தொகுதி இருக்கும்ல?” அப்போது நாம் கல்லூரியில் இருந்தோம். கணினித்துறை நண்பரையும் அழைத்துக்கொண்டு ஓடினோம். கடையில் கணினியின் பக்கவாட்டுத் தகடு கழற்றப்பட்டிருந்தது. நிறுவல் பென்டிரைவ் செருகியாயிற்று. அதற்கு முன்னால் வந்த மடிக்கணினி ஒன்று நேரம் பிடித்ததால்தான் இதன் முறை வரவில்லை. அந்த மடிக்கணினிக்காரர் யாரோ, அவருக்கு நம் வணக்கம்.

கணினி என்று நாம் ஒற்றைச் சொல்லில் சுட்டுவதற்குள் இரண்டு வகைப் பொருள்கள் இருக்கின்றன. ஒன்று, கணினியைத் தொடங்கி நடத்தும் அமைப்புக் கோப்புகள். மற்றது, நாம் எழுதிவைத்தவை. அமைப்புக் கோப்பு எந்த ஊரில் எந்தக் கணினியில் இருந்தாலும், ஒரே பதிப்பாயின், எழுத்துக்கு எழுத்து ஒன்றே. அதற்கு உலகம் முழுவதும் கோடிக்கணக்கான படிகள் உண்டு. பெரியவரின் சொற்றொகுதிக்கு இருந்தது ஒரே ஒரு படி. பழுதானதோ கோடிப் படி உள்ள பொருள். அதைச் சரிசெய்வதற்காக அழிக்கவிருந்தது ஒற்றைப் படி உள்ள பொருளை. நமது வழக்கு முழுவதும் இந்த ஒரு கணக்கில் அடங்கும்.

பழைய ஏடுகளை ஆடிப் பதினெட்டில் ஆற்றில் விடும் வழக்கம் இருந்ததை உ.வே. சாமிநாதையர் பதிவுசெய்திருக்கிறார். செய்தவர்கள் கெட்டவர்கள் அல்லர். ஏட்டைப் படிக்கத் தெரியாத வீட்டில் அதைப் பெட்டியில் வைத்துப் பூச்சிக்குக் கொடுப்பதைவிடக் காவிரிக்குக் கொடுப்பது மரியாதை என்று நினைத்தவர்கள். கணினிப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு காவிரிப் பாலத்தின்மேல் ஸ்ரீரங்கம் திரும்பும்போது, அம்மா மண்டபம் இருக்கும் திசையைப் பார்த்து நாம் நினைத்துக்கொண்டது இதைத்தான்.

வீட்டில் வைத்துச் செய்த முதல் காரியம் பழுது நீக்கமன்று. மீண்டும் மீண்டும் அணைத்துத் திறப்பதை நிறுத்தினோம். ஒவ்வொரு முயற்சியிலும் அமைப்பு வட்டில் எதையாவது எழுதும். நோயுற்ற வட்டில் எழுதுவது நல்லதன்று. லினக்ஸ் ஏற்றிய பென்டிரைவிலிருந்து கணினியைத் தொடங்கினார் நண்பர். உள்ளிருக்கும் விண்டோஸ் விழிக்காமலேயே வட்டைத் திறந்து பார்க்கலாம் என்பதைப் பெரியவரால் முதலில் நம்ப முடியவில்லை. வீட்டுக்காரர் மயங்கிக் கிடக்கும்போது பக்கத்து வீட்டார் வந்து நகைப்பெட்டியை எடுத்துப் பத்திரப்படுத்துவதுபோல என்றோம். சிரித்தார், அன்று அவர் சிரித்தது அந்த ஒருமுறைதான். முகப்புத்திரையில் இருந்தவை அத்தனையும் வெளி வட்டொன்றுக்குப் படியெடுக்கப்பட்டன. எழுத்துருக்கள் இருக்கும் உறையையும் மறவாமல் எடுத்துக்கொண்டோம்.

எழுத்துருவுக்கு ஏன் இத்தனை கவலை என்று இளைய வாசகர்கள் கேட்கலாம். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்னும் பொதுக்குறியீடுகள் வந்த பிறகும்கூட, ஆளுக்கொரு குறியீட்டில் எழுதிய காலம் நெடுநாள் நீடித்தது. பெரியவர் பயன்படுத்தியது இன்று எங்கும் விற்பனையில் இல்லாத மென்பொருளொன்றோடு வந்த எழுத்துரு. அது இல்லாத கணினியில் அவர் கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் நிறுத்தக்குறிகளும் கலந்த குப்பைதான் தெரியும். கோப்பைக் காப்பாற்றி எழுத்துருவை அழித்தால், ஏட்டைக் காப்பாற்றி அதன் லிபி தெரிந்த கடைசி மனிதரைத் தொலைத்ததற்குச் சமம். ஃபார்மட் அந்த வேலையையும் சேர்த்தே செய்து முடித்திருக்கும்.

வட்டைச் சோதித்ததில் சில இடங்கள் படிக்க இயலாதவையாகிவிட்டது தெரிந்தது. மின்சாரம் போனது ஒரு காரணம். மூத்த வட்டு என்பது மற்றொன்று. அமைப்புக் கோப்பு தானாகச் சிதைவதில்லை. எழுதிக்கொண்டிருக்கையில் மின்சாரம் போகலாம், வட்டு தேயலாம், நினைவகச் சில்லில் குறை இருக்கலாம், வைரஸ் புகுந்திருக்கலாம். காரணத்தைப் பாராமல் ஃபார்மட் செய்தால் தேய்ந்த வட்டின்மேலேயே புதிய விண்டோஸ் உட்காரும். மூன்று மாதத்தில் மீண்டும் அதே கடை, அதே வாக்கியம். வட்டின் கோளாறுகளைத் தேடித் திருத்தும் ‘செக் டிஸ்க்’ கட்டளையைக்கூடப் படியெடுத்த பிறகே ஓட்ட வேண்டும் என்று நண்பர் பிடிவாதமாக இருந்தார். சிதைந்த கோப்பகத்தைச் சீராக்கும்போது அது துண்டுகளைத் தன் விருப்பப்படி வெட்டிவிடக்கூடும்.

அதற்குப் பின் நடந்ததுதான் தமிழ் படித்த நமக்குப் பெருவியப்பு. விண்டோஸில் ‘சிஸ்டம் ஃபைல் செக்கர்’ என்றொரு கருவி உண்டு. அது ஒவ்வோர் அமைப்புக் கோப்பையும் எடுத்து, அமைப்பு தன்னிடமே சேமித்து வைத்திருக்கும் நற்படியோடு ஒப்பிட்டு, மாறுபட்டதை நீக்கி நற்படியை வைக்கிறது. அந்தச் சேமிப்பே சிதைந்திருந்தால் ‘டிஸ்ம்’ என்னும் இன்னொரு கருவி வெளியிலிருந்து, அதாவது நிறுவல் பென்டிரைவிலிருந்து, படியைத் தருவித்துச் சேமிப்பைச் செப்பனிடுகிறது. வெளிப்படி அதே பதிப்பைச் சார்ந்ததாக இருக்க வேண்டும். வேறு பதிப்பைக் கொண்டு இட்டு நிரப்ப அது ஒப்பாது. பதிப்பாசிரியர்கள் செய்த வேலையல்லவா இது! குறிஞ்சிப்பாட்டில் மலர்களின் பெயர்கள் அடுக்கி வரும் இடம் கிடைத்த ஏடுகளில் சிதைந்திருக்க, விடுபட்ட பகுதியை உ.வே.சா. தருமபுரம் ஆதீனத்து ஏட்டில் கண்டெடுத்தார். பத்துப்பாட்டு 1889இல் அச்சேறியது. இடையில் நாலைந்து பூக்கள் உதிர்ந்துவிட்டன என்பதற்காகப் பாட்டையே தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று எழுதிக்கொள்ளலாம் என்று யாரும் சொல்லவில்லை.

ஒப்புமையை இதற்குமேல் நீட்டுவது சரியன்று. கருவிக்குச் சரியான பாடம் எது என்பது முன்பே தெரியும். ஒவ்வொரு கோப்புக்கும் உரிய அடையாள எண்ணை அது வைத்திருக்கிறது. பதிப்பாசிரியருக்கு அந்த வசதி ஒருநாளும் வாய்த்ததில்லை. அவர் பாடபேதங்களுக்கு நடுவே தம் புலமையை மட்டும் நம்பி நிற்க வேண்டியிருந்தது. கணினிப் பழுது அதைவிட எத்தனையோ எளியது. எளியதைச் செய்ய நமக்குப் பொறுமை இல்லை என்பதே வெட்கம்.

ஒரு சிறு எச்சரிக்கை. பழுதுநீக்கச் சூழலில் திறக்கும்போது டிரைவுகளின் எழுத்து மாறித் தெரியலாம். சி என்று நாம் அறிந்தது டி என்று நிற்கும். எந்தக் கட்டளையையும் இடுவதற்கு முன் உள்ளே இருப்பதைப் பட்டியலிட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். நண்பரே முதல்முறை தவறான எழுத்தை அடித்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

இரவு ஒன்பதரைக்குக் கணினி திறந்தது. பெரியவர் முகப்புத்திரையின் படத்தைப் பார்த்துக் கைகூப்பினார். பிறகு ஒவ்வொரு கோப்பாகத் திறந்து பார்த்தோம். நகரக் கோப்பு மட்டும் திறக்கவில்லை. வட்டில் படிக்க இயலாமற்போன இடங்களில் ஒன்று அதற்குள் விழுந்திருந்தது. நூற்றறுபது சொற்களுக்குமேல் இருந்தன என்றார். துண்டுத்தாள்கள் பேப்பர்காரரோடு போயின. நினைவிலிருந்து எழுபதுவரை மீட்டார். மற்றவற்றுக்காக மீண்டும் வீடு வீடாகப் போனார். அவற்றுள் பலவற்றைச் சொன்ன மூதாட்டிகள் இருவர் இப்போது இல்லை. பழுது நீக்கம் எல்லாவற்றையும் மீட்டுத் தரும் என்று நாம் வாதிடவில்லை. ஒரு கோப்பு போயிற்று. முப்பது கோப்புகள் இருக்கின்றன. ஃபார்மட் செய்திருந்தால் எது போயிற்று என்பதுகூடத் தெரிந்திராது.

கடைப் பையனைக் குற்றம் சொல்வது எளிது. அவன் தரப்பையும் சொல்லிவிட வேண்டும். ஃபார்மட்டுக்குத் தெருவறிந்த விலை உண்டு, ஒரு மணிநேர வேலை, முடிவு நிச்சயம். கோளாறு எங்கே என்று கண்டறிவதற்கு விலை கிடையாது. அரைநாள் உட்கார்ந்து பார்த்துவிட்டு, வட்டு போய்விட்டது, மாற்ற வேண்டும் என்று அவன் சொன்னால், “பார்த்ததற்கா காசு?” என்று கேட்பவர்கள் நாம். மருத்துவரிடம் பார்த்ததற்குக் கொடுக்கிறோம், சோதிடரிடம் பார்த்ததற்குக் கொடுக்கிறோம். ஃபார்மட் பண்பாட்டை வளர்த்தவர்களில் நாமும் இருக்கிறோம். ஆழப் புகுந்த வைரஸுக்கு அதுவே உகந்த மருந்தாவதும் உண்டு. படி பத்திரமாக இருக்கிறவர் தாராளமாகச் செய்துகொள்ளட்டும். முதல் சொல்லாக அது வருவதைத்தான் நாம் மறுக்கிறோம்.

இது சிற்றூர்க் கணினிகளின் சிக்கல் மட்டுமன்று. 2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை, இந்திய நேரம் காலை 9.39க்கு கிரவுட்ஸ்ட்ரைக் என்னும் அமெரிக்கப் பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் குறையுள்ள ஒரு கோப்பைத் தன் வாடிக்கையாளர்களின் கணினிகளுக்கு அனுப்பிவிட்டது. எழுபத்தெட்டு நிமிடங்களில் திரும்பப் பெற்றுக்கொண்டது. அதற்குள் உலகெங்கும் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் வீழ்ந்தன என்று மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது. இந்திய விமான நிலையங்களில் அன்று பயணச்சீட்டுகளைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். நமது பெரியவர் கணினியில் நிகழ்ந்ததன் பேருருவம் அது: அமைப்பின் அடியாழத்தில் படிக்கப்படும் கோப்பொன்று பழுதாக, முழுக் கணினியும் தொடங்க மறுத்தது. அதற்கு அந்நிறுவனம் சொன்ன மருந்து என்ன? பாதுகாப்பு முறையில் திறந்து, குறிப்பிட்ட உறைக்குள் போய், 291 என்ற எண்ணைத் தாங்கிய அந்தக் கோப்பை நீக்கிவிட்டு மீண்டும் தொடங்குங்கள் என்பதே. மருத்துவமனைகளிடமும் வங்கிகளிடமும் யாரும் ‘ஃபார்மட் பண்ணிடலாம் சார்’ என்று சொல்லவில்லை. அவர்கள் ஏடுகளுக்குக் கிடைத்த மரியாதை உத்தர வீதி ஏட்டுக்கு ஏன் கிடைக்கவில்லை என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

விடையின் ஒரு பகுதி மொழியில் இருக்கிறது. ‘ஓ.எஸ். போயிடுச்சு’ என்கிறோம். போய்விட்டது என்பது சாவைச் சொல்லும் சொல். போனதைப் பற்றி மேலே கேள்வி எழாது. ஆக வேண்டிய காரியத்தைத்தான் பார்க்க வேண்டும். செல்லரித்தது, முறிந்தது, இடையேடு இழந்தது, எழுத்து மங்கியது என ஏட்டின் கேட்டை வகைவகையாகப் பிரித்துச் சொல்லத் தெரிந்த மொழிக்குக் கணினியிடம் வந்தவுடன் ஒரே வினைச்சொல் மிஞ்சியதேன்? ஸ்ரீரங்கத்தில் வளர்ந்து, திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் படித்து, பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திர உருவாக்கத்தில் முன்னின்ற எஸ். ரங்கராஜன், சுஜாதா என்ற பெயரில் கதைகளோடு கணினியையும் தமிழில் எழுதினார். பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்பதை வார இதழ் வாசகருக்குப் புரியும்படி சொல்ல முடியும் என்று காட்டினார். அவர் 2008இல் மறைந்தார். அவரது நடையைப் பின்பற்றிக் கதை எழுதியவர்கள் ஏராளம். அந்த விளக்கும் வேலையைத் தொடர்ந்தவர்களோ மிகச் சிலர். இலக்கியவாதிகளான நாம் அதை நம் வேலையன்று என்று ஒதுக்கினோம். விளைவு, நம் கையெழுத்துப்படி எங்கே இருக்கிறது என்பதை நமக்கே சொல்லத் தெரியவில்லை.

பாலங்கள் விஷயத்தில் நமக்கு இந்தத் தடுமாற்றம் இல்லை என்பது வேடிக்கை. 1976இல் கட்டிய காவிரிப் பாலம் ஆட்டம் கண்டபோது, 2022ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அதை மூடி, தேய்ந்த இணைப்புகளை மாற்றி, 2023இல் திறந்துவிட்டார்கள். ஓடத்தில் ஏறாத குறையாகச் சுற்றிச் சுற்றிப் போய்ப் பொறுத்துக்கொண்டோம்.

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் தரும் பொது ஆதரவு முடிந்துவிட்டதால், கடைகளில் இப்போது அந்த வாக்கியத்துக்குப் புதிய காரணம் கிடைத்திருக்கிறது. பெரியவருக்கும் அதைச் சொல்லி, மகன் ஒரு மடிக்கணினி வாங்கி அனுப்பிவிட்டார். தொகுதி முழுவதும் யூனிகோடுக்கு மாற்றியாயிற்று. ஒரு படி நம்மிடம், ஒன்று மகனிடம், ஒன்று பூஜை அலமாரியில். புதிய கணினியிலோ வேறொரு சிக்கல்: வட்டு முழுவதும் மறையாக்கம் செய்யப்பட்டே வருகிறது. ஏதேனும் பழுதாகித் திறக்காமற்போனால், லினக்ஸ் பென்டிரைவைக் கொண்டு பழையபடி நகைப்பெட்டியை எடுத்துவிட முடியாது. 48 இலக்க மீட்பு எண் ஒன்றைக் கேட்கும். அதைத் தனியே எழுதிவைத்துக்கொள்ளும்படி பெரியவரிடம் வற்புறுத்தினோம். எழுதிவிட்டேன் என்றார். எதில் என்று கேட்டோம். பஞ்சாங்கத்தின் பின்னட்டையில் என்றார். வருடப் பிறப்பன்று அவர் பழைய பஞ்சாங்கத்தைப் பேப்பர்காரரிடம் போடுவதற்கு முன்பாகப் போய்ச் சேர வேண்டும்.